ஜந்துவின் கழுத்து

வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு பட்டம் விட்டவர்களில் பாதிப் பேர் இப்போது இந்த ஊரிலேயே இல்லை. இருப்பவர்களும் என்னைப் போல நியூ டவுனில் ஏதோ ஓர் உயரமான கட்டடத்தில், கதவு சாத்திய வீட்டில் இருக்கிறார்கள். அன்றைய கூட்டாளிகளே, உங்களுக்கு என் அக்காவை நினைவிருக்கும். துணியில் ஜரிகை தைக்கும் ஜரி வேலைக்குப் போவாள், சத்தமாகப் பேச மாட்டாள், உங்கள் பட்டம் எங்கள் கொடிக்கம்பியில் சிக்கினால் நூல் அறாமல் எடுத்துக் கொடுப்பாள். ஒரு மழைக்காலம் முழுக்க அவளும் நானும் காலையில் பஸ் ஏறிப் போவதைப் பார்த்து, "எங்கடா போறீங்க?" என்று கேட்டீர்கள். "சினிமா எடுக்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் சொன்னது பொய் இல்லை. அதை இப்போதாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நல்லபடியாக முடியும் கதை இல்லை இது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா யார்டில் கலாசி. கூட்ஸ் பெட்டிகளுக்கு அடியில் படுத்து, பிரேக் கம்பிகளின் மூட்டுக்கும் கொக்கிக்கும் எண்ணெய் விடுவது, கிரீஸ் தடவுவது அவருடைய வேலை. உலர்ந்த இரும்பைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. பக்கத்து வீட்டுக் கேட் கிறீச்சிட்டால்கூட எழுந்து போய் ஒரு சொட்டு விட்டுவிட்டு வருவார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. அக்கா அஞ்சாவது வரை போனாள். நான் பிறந்ததும் என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். யார் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தேன் என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

அக்கா வேலை செய்த ஜரிக் கூடத்துக்கு ஒருநாள் ஒரு வங்காளி வந்தார். ஒல்லியானவர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மெல்லிய துணியில் ரப்பர் செதில்களை வரிசையாகத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். மீன் செதில் மாதிரி, ஆனால் ஒவ்வொன்றும் அரிசி அளவு. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி ஊசி குத்தும்போதும் சட்டம் லேசாக அதிரும். அக்கா இருந்த மூலையில் மட்டும் துணி அசையவே இல்லை என்று அவர் பிறகு சொன்னார். அவரை நாங்கள் காகு என்று கூப்பிட்டோம். வங்காள மொழியில் சித்தப்பா முறை. ஸ்டுடியோ காகு.

காகு எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். காளிகாட்டில் தனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது, பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் பிடித்து, ஓட விட்டால் உயிரோடு நடப்பதுபோலத் தெரியும், அதற்கு உங்கள் பெண்ணின் கை வேண்டும் என்றார்.

அப்பா தெரிந்த இந்தியில் கேட்டார்: "பொம்மய நவுத்தறதுக்கு ஒரு ஆளா சார்?"

"எல்லாரும் நகர்த்தலாம் அண்ணா. நகர்த்தாம இருக்க வேண்டிய இடத்துல கைய வச்சுக்கத் தெரிஞ்சவங்க கிடைக்க மாட்டாங்க."

அப்பாவுக்கு இது விளங்கவில்லை. அவர் மனதில் வேறு கணக்கு. ஜோலார்பேட்டையில் இருக்கும் அத்தையின் மகனுக்கு அக்காவைக் கொடுப்பதென்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. துர்கா பூஜைக்குப் பிறகு அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்தது. காகுவுக்கும் பூஜைக்குப் பிறகுதான் ஒருவர் வருவதாக இருந்தது: பம்பாயிலிருந்து ஒரு தயாரிப்பாளர். ஒரே ஒரு காட்சியை எடுத்துக் காட்டினால் போதும், பிடித்துவிட்டால் முழுப்படம், ரெண்டு வருஷத்துக்கு அக்காவுக்கு வேலை.

"அப்பிடி ஒண்ணு ஆச்சுன்னா கல்யாணத்தத் தள்ளி வெக்கிறேன்" என்றார் அப்பா. "ஆவலைன்னா அவ கெளம்பிடணும். தம்பியும் கூடப் போவட்டும், ஸ்கூலு கொஞ்ச நாள் போவலைன்னா பரவால்ல. தனியா அனுப்ப மாட்டேன்."

அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி சோறு போடும்போது என் தட்டில் அப்பளம் ஒன்று கூடுதலாக விழுந்தது.

அப்படித்தான் தினமும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போய், மெட்ரோ பிடித்துக் காளிகாட்டில் இறங்க ஆரம்பித்தோம். சங்கு வளையல் கடைகளுக்கு நடுவே ஒரு சந்து. பழைய வீட்டின் கீழ்த்தளம். ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் துணி. உள்ளே போனதும் மூக்கில் ஏறுவது அமோனியா வாடை. பச்சை ரப்பர் பாலின் வாடை அது. இன்றைக்கும் எங்காவது ஆஸ்பத்திரி நடையில் அந்த வாடை வந்தால் எனக்கு அந்த அறையின் இருட்டு வந்துவிடும்.

மேஜையில் ஜந்து கிடந்தது. அதற்குப் பெயர் கிடையாது, காகு அதை 'ஜந்து' என்றே சொல்வார். ஆற்றிலிருந்து எழுந்து வரும் ஒரு மிருகம். முதலை வாய், மாட்டுத் தோள், கொக்கின் கழுத்து. காகுவுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ரொம்ப காலம் முன்பு ஒரு படத்துக்காகச் செய்தது. படம் பாதியில் நின்றுபோனது. மேல் தோல் உதிர்ந்து ரஸ்க் தூளாகிக் கொட்டிவிட்டது. மிஞ்சியது பித்தளையும் எஃகுமான எலும்புக்கூடு மட்டும்.

அது என் முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனால் எத்தனை மூட்டு! கழுத்தில் மட்டும் முதுகெலும்பு மாதிரி அடுக்கடுக்காக. ஒவ்வொரு மூட்டும் இரண்டு பித்தளைத் தகடு, நடுவில் ஒரு திருகு, இரண்டு முனையிலும் தகடுகளுக்கு இடையே மாட்டிய எஃகுக் குண்டு. சைக்கிள் பேரிங் குண்டுகளை நெருப்பில் போட்டு மெதுவாக ஆற வைத்தால்தான் அதில் துளை இறங்குமாம். துளை போட்டு, கம்பி செருகி, வெள்ளிப் பற்று வைத்து இணைத்திருந்தார் அதைச் செய்தவர். தகடுகளின் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் குத்தியிருந்தார். ஒரு புள்ளித் தகடு ஒரு புள்ளிக் குண்டுக்கு. மாற்றிப் போட்டால் மூட்டு திக்கும். இத்தனை வருஷம் ஒன்றோடு ஒன்று உரசி, ஒன்றின் வடிவத்தை இன்னொன்று ஏற்றுக்கொண்டிருந்தது. வால் மூட்டுகள் சில தொலைந்துபோயிருந்தன, காகு புதிதாகச் செய்து போட்டார். பார்க்க அப்படியே இருக்கும். நகர்த்தினால் கடக் கடக்கென்று படி இறங்கும். "என்னால இவ்வளவுதான்" என்று வாலைக் காட்டிச் சிரிப்பார்.

விரலுக்கு விரல் மூட்டு, இமைக்குக்கூடத் தகடு, உள்ளங்காலில் மரை. மேஜைக்கு அடியிலிருந்து திருகு ஏற்றிக் காலைத் தரையோடு இறுக்கிவிட்டால், மற்றக் காலைத் தூக்கினாலும் ஜந்து சாயாது. கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. கழுத்து மட்டும் தனி. விரல் சொன்னால் போக வேண்டும், விரலை எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

முதல் நாளே காகு அக்காவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவர் பேசியதெல்லாம் வங்காள மொழியில், எனக்கு அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. "ஏ மா, ஒண்ணே ஒண்ணு. இது வண்டி இல்ல, தையல் மிஷின் இல்ல. எண்ணெய் காட்டவே கூடாது. உலந்து இருக்கறதாலதான் நிக்குது."

அக்கா தலையாட்டினாள். வீட்டில் வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

தோல் போடும் முன்னால் வெறும் எலும்புக்கூட்டை நடக்கவைத்துப் பழகினாள். என் வேலை கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்துவது. அக்கா "ம்" என்றால் அழுத்த வேண்டும். அதற்குள் தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். ஒரு கம்பி ஸ்டாண்ட் இருந்தது, அதன் நுனி ஊசி போல. அதை ஜந்துவின் மூக்கைத் தொட்டும் தொடாமலும் நிறுத்திவைப்பாள். பிறகு மூக்கை நகர்த்துவாள். ஊசிக்கும் மூக்குக்கும் நடுவே விழும் இடைவெளிதான் அளவு. ஊசியை எடுத்துவிட்டு "ம்" என்பாள். மறுபடி ஊசி, மறுபடி மூக்கு. ஒரு முழுப் பகலுக்கு ஜந்து நாலு அடி வைத்தால் அதிகம்.

முதன்முதலாக அதை ஓடவிட்டுப் பார்த்தது மறக்காது. பித்தளைக் கூடு காலைத் தூக்கி, அரை நொடி தயங்கி, எட்ட வைத்தது. பிறகு கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது. காகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அந்தத் தயக்கம் எங்கேர்ந்து வந்துச்சு மா? நான் சொல்லலையே."

அக்கா வெட்கப்பட்டாள். நான்தான் சிரித்துவிட்டேன். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தண்டவாளத்துக் கட்டைகளில் கால் வைத்து நடந்து நடந்து, சமதரையிலும் ஒவ்வொரு அடிக்கும் கட்டையைத் தேடும் நடை. அது எங்கள் அப்பா நடை.

"கோகா, என்ன சிரிப்பு?" என்றார் காகு. பையா என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"ஒண்ணுமில்ல காகு."

"சொல்லாத" என்று அக்கா தமிழில் என்னை மிரட்டினாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தோல் செய்ய வெளிநாட்டு ரப்பர் பால் ஒரு டப்பா வைத்திருந்தார் காகு. கடைசி டப்பா. நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, எலும்புக்கூட்டை உள்ளே படுக்கவைத்து, ரொட்டி சுடுவதுபோல அடுப்பில் வைத்தார். வெளியே எடுத்தபோது அது குழந்தைக் கன்னம் போல மெத்தென்று இருந்தது. அக்கா, தான் தைத்த செதில் துணியை அதன் மேல் ஒட்டினாள். திருகுகள் இருக்கும் இடங்களில் மட்டும் கத்தியால் சின்னக் கீறல் விட்டிருந்தார். சாவி நுழைத்து இறுக்கத்தைச் சரிபார்க்க.

பாதிக் காட்சி முடிந்திருந்தது. ஜந்து நீரிலிருந்து கரை ஏறி வந்து நின்றுவிட்டது. இனிக் கழுத்தை உயர்த்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் துர்கா பூஜை வந்துவிட்டது. காகு பர்த்தமானில் இருக்கும் சொந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஸ்டுடியோவில் எலித் தொல்லை. எலிக்கு ரப்பர் என்றால் பண்டிகை. "நீயே வச்சிரு மா" என்று ஜந்துவை ஒரு பழக்கூடையில் பஞ்சு போட்டு வைத்துக் கொடுத்தார்.

குவார்ட்டர்ஸில் அதைப் பார்க்க ஒரு கூட்டமே வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாமி, "பொண்ணுக்கு மாப்ள பாக்கறதா சொன்னீங்க, இது யாரு?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தாள். அம்மாவும் விடவில்லை: "சீர் ஒண்ணும் கேக்க மாட்டான், சோறும் கேக்க மாட்டான். இவனுக்கே குடுத்துடலாம்." அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பேய் மாதிரி கீது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நவமி அன்று எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. வெளியே பந்தலில் டாக் மேளம் அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் சுத்தியலையும் ஸ்பேனரையும் துடைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது தீபாவளியை விடப் பெரிது. அரிவாள்மணை, சைக்கிள், என் புத்தகங்கள், அக்காவின் ஜரி ஊசி எல்லாம் பலகையில் ஏறும். அன்று அக்காவையும் என்னையும் பொரி வாங்க அனுப்பினார்கள். பூஜைக் கூட்டத்தில் போய் வர நேரமாகிவிட்டது.

திரும்பி வந்து பார்த்தால், பலகை நடுவில், சுத்தியலுக்கும் என் கணக்குப் புத்தகத்துக்கும் இடையே ஜந்து உட்கார்ந்திருந்தது. நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கழுத்தில் ஒரு முழம் சாமந்தி.

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன் நிக்கிற? வா, வெளக்கேத்து" என்றார் அப்பா. "உன் தொழிலு எங்கனா கூடைலயே கெடக்குமா? அதுவும் ஆயுதந்தான்."

அக்கா ஜந்துவைப் பார்த்தபடியே விளக்கை ஏற்றினாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே அது மறுநாள் காலை வரை அங்கேயே இருந்தது. யாரும் தொடவில்லை. விஜயதசமிக் காலையில் அக்கா பொட்டை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள், பஞ்சில் படுக்கவைத்தாள், கூடையை மூடினாள்.

காகு ஊரிலிருந்து வந்ததும் கழுத்து உயரும் காட்சியைத் தொடங்கினோம். பம்பாய்க்காரர் மறுநாள் வருகிறார். காலைத் தரையோடு திருகி இறுக்கியாயிற்று. அக்கா ஊசிக் கம்பியை மூக்கில் வைத்தாள், மூக்கைத் துளி உயர்த்தினாள், ஊசியை எடுத்தாள், "ம்". நான் அழுத்தினேன். மறுபடி ஊசியை வைக்கப் போனவள் நின்றாள். ஊசி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே மூக்கு இல்லை. கொஞ்சம் கீழே இருந்தது.

தன் கைதான் பட்டிருக்கும் என்று நினைத்தாள். மறுபடி உயர்த்தினாள். மூக்கை ஊசியோடு சேர்த்து நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். யாரும் தொடாமலே, ஊசிக்கும் மூக்குக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. மெதுவாகப் பெரிதானது. ஜந்து தூங்கி விழுகிற கிழவன் போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டே போனது.

காகு கீறல் வழியே சாவியை விட்டு இறுக்கினார். கழுத்து இன்னும் வழுக்கியது. மேலும் இறுக்கினார். பித்தளைக்குள் மரை கழன்ற சத்தம், ஒரு சின்ன 'ணிக்'. சாவியை வெளியே எடுத்துப் பார்த்தார். அதன் நுனி கறுத்து மின்னியது.

"தேல்" என்றார். எண்ணெய். "யார் விட்டது?"

அக்கா கீறலில் விரலை வைத்து மூக்கருகே கொண்டுபோனாள். எனக்கும் அப்போது வாடை வந்துவிட்டது. அப்பாவின் காக்கிச் சட்டையில், தலையணையில், எங்கள் வீட்டுச் சுவர்களில் இருந்த வாடை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அழுத்தி மிதித்தாள்.

"நான்தான் காகு. பூஜைக்காக விட்டேன்."

"முதல் நாளே சொன்னேனே மா."

"மறந்துட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பஞ்சில் பெட்ரோல் தொட்டுக் கீறலைத் துடைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் தோல் கொப்புளம் போட்டு எழுந்தது. கழுத்தைச் சுற்றி மற்ற கீறல்களிலும் ரப்பர் ஊறிப் பிசுபிசுத்திருந்தது. தோலைக் கிழித்துத்தான் மூட்டைத் துடைக்க முடியும். கிழித்தால் மறுபடி போட ரப்பர் பால் இல்லை. ஒரு ராத்திரி பூராவும் பூஜைப் பலகையில் உட்கார்ந்து எண்ணெய் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

பம்பாய்க்காரர் வந்தார். கரையேறி வந்து நிற்கும் பாதிக் காட்சியைப் பார்த்தார். நல்லாயிருக்கு, மிச்சம் எப்போ என்றார். காகு ஏதோ சொன்னார். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அப்புறம் அவரிடமிருந்து தகவல் ஏதும் வரவில்லை. அக்காவை வரச்சொல்லியும் காகுவிடமிருந்து ஆள் வரவில்லை.

வீட்டில் அக்கா ஒரே வரியில் முடித்துக்கொண்டாள்: "கழுத்து சரியா வரலப்பா."

அப்பாவுக்கு வருத்தம்தான். அது எனக்குத் தெரியும். பிறகு சொன்னார்: "பூஜ போட்டும் கைக்கு வரலைன்னா, அது நம்முளுக்கு இல்லைன்னு அர்த்தம். அத்தைக்குச் சொல்லிடறேன்." தை மாதம் கல்யாணம் ஆயிற்று.

அக்கா இன்றுவரை ஜோலார்பேட்டையில்தான் இருக்கிறாள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை போடுகிறாள். பசை பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் உரிந்து, போனில் கைரேகை வைத்தால்கூட ஏற்பதில்லை என்று சொன்னாள். நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு ஒருமுறை காளிகாட் சந்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். காகுவைப் பற்றிச் சங்கு வளையல் கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஜந்து என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. பித்தளைக்கு எப்போதும் எடை போட்டு வாங்குகிறவன் உண்டு.

அப்பா எண்ணெய் விட்ட விதத்தை வெகுநாள் கழித்து அம்மாவே சொன்னாள், பெருமையாக. "ஒவ்வொரு பொத்தலா பாத்து பாத்து விட்டாருடா. கொழந்தைக்குக் காது மருந்து விடறாப்ல." அக்காவுக்குப் போன் போட்டேன். அப்பாவிடம் சொல்லிவிடலாமா, நீ கைவராதவள் என்று அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்றேன்.

"எதுக்கு இப்ப?" என்றாள். "ஆசையா செஞ்சாரு. தெரிஞ்சா செத்துருவாரு." பிறகு, "நீ சாப்ட்டியா?" என்றாள்.

போன பூஜைக்கு அக்கா தன் மகளோடு வந்திருந்தாள். அம்மா இறந்த பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார். மூச்சு வாங்குகிறது, லிஃப்ட்டைத் தாண்டி எங்கும் போவதில்லை. பால்கனியில் உட்கார்ந்து பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா ஒரு மிருகத்தையே நடக்க வெச்சவ, தெரியுமா? நானும் எல்லாம் பண்ணிப் பாத்தேன். பூஜைல வெச்சேன், பொட்டு வெச்சேன், என் கையாலயே எண்ண விட்டேன். கடைசில உங்கம்மாவுக்குக் கை கூடல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டை ஒன்றைத் தோளோடு தோள் சேர்த்து, சுருக்கம் நீவி வைத்தாள்.

"ஆமாப்பா" என்றாள்.

"அப்புறம் அது தலைய தூக்கிச்சாம்மா?" என்று அக்காவிடம் ஓடி வந்தாள் மகள்.

"இல்லடி. தூக்கல. போ, தாத்தாவுக்கு மாத்திர எடுத்துக் குடு."